ஆறாம் நாள் வந்த போன்

2017 ஐப்பசி. விட்டு விட்டு மழை. கோவில்பட்டி பக்கம் அம்மா வீட்டில் பச்சை உடம்போடு படுத்திருந்தேன். மகள் பிறந்து அன்றைக்கு ஆறாம் நாள். தம்பியின் போன் அடித்தது. பேசி முடித்துவிட்டு அவன் வாசல்படியிலேயே நின்றான். "அக்கா, ஆஸ்பத்திரி லேப்ல இருந்து பேசுறாங்க. பிள்ளையோட தொப்புள்கொடி ரத்தத்துல என்னவோ ஹார்மோன் கூடுதலா இருக்காம். உடனே தூக்கிட்டு வரச் சொல்றாங்க."

கொடி ரத்தமா? அதை எப்போது எடுத்தார்கள்? எங்கள் யாருக்கும் தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. தடுப்பூசி, தாய்ப்பால், தையல், அடுத்த வாரம் காட்ட வர வேண்டிய தேதி எல்லாம் சொன்னார்கள். இப்படி ஒரு பரிசோதனைக்கு ரத்தம் போயிருக்கிறது, முடிவு வரும், போனைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

பிறகுதான் தெரிந்தது, மூன்றாம் நாளிலிருந்தே கூப்பிட்டிருக்கிறார்கள். ஃபாரத்தில் எழுதிக் கொடுத்திருந்தது அத்தானுடைய, அதாவது என் வீட்டுக்காரருடைய நம்பர். அத்தானுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, அப்போது நைட் ஷிஃப்ட். பகலில் தூங்குகிறவர், தெரியாத நம்பரை எடுக்க மாட்டார். கர்ப்பத்தின்போது பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கப் பதிந்ததும் அதே நம்பர்தான். லேபில் இருந்த ஒரு பெண் விடாமல், ஆஸ்பத்திரி மெடிக்கலில் மருந்து வாங்கிய பில்லைத் தேடி எடுத்து, அதிலிருந்த தம்பியின் நம்பருக்கு அடித்திருக்கிறார். அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. என் மகள் இன்று இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள் என்றால் அதில் அந்தப் பெண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதனால் நீங்கள் பிரசவத்துக்குச் சேரும்போது, வீட்டில் பகல் முழுக்க இருக்கிற, மணி அடித்தால் எடுக்கிற ஒருவரின் நம்பரைக் கொடுங்கள். ஒன்றல்ல, இரண்டு. வெளியூரில் வேலை பார்க்கிற கணவரின் நம்பர் மட்டும் போதவே போதாது. "கொடி ரத்தத்தில் டி.எஸ்.எச். பார்க்க எடுத்தீர்களா? முடிவு எப்போது வரும்?" என்று டிஸ்சார்ஜ் ஆகும் முன் வாய்விட்டுக் கேளுங்கள். பிறவியிலேயே வரும் தைராய்டு குறைபாட்டைக் காட்டிக்கொடுக்கும் ஹார்மோன் அது. எடுக்கவில்லை என்றால் பிள்ளையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சோதனையைக் கேளுங்கள்.

அன்றைக்கு வீட்டில் பெரிய வாக்குவாதம். ஆச்சி ஒரே பிடியாக நின்றாள். "பதினாறு கழியாம பச்ச உடம்போட வெளிய போகப்படாது. மழை வேற. பிள்ளைக்கு என்ன, தங்கமால்லா இருக்கு! அழுகை உண்டா, அடம் உண்டா?" அது உண்மைதான். ஆறு நாளில் அவள் சத்தம் போட்டு அழுதது கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். பாலுக்கு நாமே தட்டி எழுப்ப வேண்டும். நாலு வாய் குடித்துவிட்டுத் தூங்கிவிடுவாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "கொடுத்து வச்சவ நீ, ராத்திரி தூங்க விடுது" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாதான் முடித்துவைத்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போறது வெளிய போறதுல சேராது அத்தை" என்று ஆச்சியிடம் சொல்லிவிட்டு, பிள்ளையை இரண்டு துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டாள். ஏழாம் நாள் காலை ஆட்டோவில் போனோம்.

கொடி ரத்தத்தில் அவளுக்கு டி.எஸ்.எச். 68. இருபதுக்குள் இருக்க வேண்டும். இருபதைத் தாண்டினால் மறுபடி பார்ப்பார்கள். நாற்பதைத் தாண்டினால் நாள் கடத்தாமல் கூப்பிடுவார்கள். அன்றே கையில் நரம்பு தேடி ரத்தம் எடுத்தார்கள். மாலையில் முடிவு வந்தது: டி.எஸ்.எச். நூறுக்கு மேல், டி4, அதாவது தைராய்டு சுரக்கும் தைராக்சின், வெறும் 3.2. அந்த வயதில் டி4 சுமார் பத்தாவது இருந்திருக்க வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து வாரம் இருமுறை வரும் குழந்தை டாக்டரம்மா எனக்கு விளக்கியதை அவர் சொன்ன மாதிரியே சொல்கிறேன். "மூளைக்கு அடியில ஒரு சின்ன சுரப்பி இருக்கும்மா. அதுதான் தைராய்டைப் பார்த்து 'வேலை செய்'னு கூப்பிடும். அந்தக் குரல்தான் டி.எஸ்.எச். ஆள் வந்துட்டா குரல் இறங்கிரும். வரலன்னா என்ன பண்ணுவோம்? சத்தமா கூப்பிடுவோம்ல? உன் பிள்ளைக்கு அது தொண்டை கிழியக் கூப்பிடுது."

பிறவித் தைராய்டு குறைபாடு என்று இதற்குப் பெயர். உலக அளவில் இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் குழந்தைகளுக்கு ஒன்று என்பார்கள். நம் நாட்டில் அதைவிடக் கூடுதல், ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று. பிறந்தவுடன் பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு எந்த அடையாளமும் இருக்காது. ஏன் என்று கேட்டபோது கிடைத்த பதில் எனக்கு இன்னும் மறக்கவில்லை. வயிற்றில் இருக்கும்போது தாயின் தைராக்சின் கொடி வழியாகக் கொஞ்சம் பிள்ளைக்குப் போகிறது. தைராய்டே உருவாகாத பிள்ளைக்குக்கூடக் கொடி ரத்தத்தில் ஓரளவு தைராக்சின் இருக்கும், அத்தனையும் தாய் கொடுத்தது. ஊருக்குப் போகிற பிள்ளைக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பதுபோல. அந்தச் சோறு மூன்று, நாலு நாளில் பாதியாகும், அடுத்த மூன்று, நாலு நாளில் அதிலும் பாதியாகும். அது தீர்ந்துபோவது வெளியே தெரிவதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். நாக்குத் தடித்து, வயிறு உப்பி, தொப்புள் பிதுங்கி, குரல் கரகரத்து, மலம் இறுகி என்று முகத்தில் எழுதி ஒட்டினது மாதிரி தெரியும்போது மூளையில் இழந்தது இழந்ததுதான். முதல் இரண்டு வாரத்துக்குள் தைராக்சின் மாத்திரை தொடங்கிவிட்டால் பிள்ளை மற்றப் பிள்ளைகள்போல வளரும்.

பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இதைப் பார்த்துவிடுவது என்ற வழக்கம் 1974-ல் கனடாவின் கியூபெக்கில் ழான் துஸோ என்ற டாக்டர் தொடங்கியது. அதற்கு முன் இப்படிப் பிறந்தவர்களைக் கண்டுபிடிக்கும்போதே காலம் கடந்திருக்கும்.

கொடி ரத்தத்தில் ஏன் பார்க்கிறார்கள்? பிள்ளை வெளியே வந்ததும் அந்தக் குளிரும் அதிர்ச்சியும் பட்டு, அரை மணி நேரத்துக்குள் டி.எஸ்.எச். தானாகவே 60, 80 என்று எகிறும். நல்ல பிள்ளைக்கும் அப்படித்தான். பிறகு மூன்று, நாலு நாளில் இறங்கும். அதனால் ஒன்று அந்த ஏற்றத்துக்கு முன் கொடியிலேயே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் நாளுக்குப் பிறகு குதிகாலில் எடுக்க வேண்டும். இடையில் எடுத்தால் வீண் பயம் வரும். நம் ஊரில் இரண்டாம் நாளே வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம், பிறகு வருகிறவர்கள் குறைவு. கொடி ரத்தம் இதற்குத்தான் கைகொடுக்கிறது.

இதில் பிள்ளையின் உடம்பிலிருந்து சொட்டு ரத்தம்கூட எடுப்பதில்லை. கொடியைக் கிளாம்ப் போட்டு வெட்டிய பிறகு, நஞ்சுக்கொடிப் பக்கம் தங்கியிருக்கும் ரத்தத்தை எடுக்கிறார்கள். எப்படியும் போகப்போகிற ரத்தம். என் மாமியாரான அத்தை இதைக் கேட்டதும், "அந்தக் கம்பெனிக்காரங்க வந்து ஆயிரக்கணக்குல பணம் கட்டச் சொன்னாங்களே, அதுவா?" என்றார்கள். அது வேறு, ஸ்டெம் செல் சேமிப்பு. இது சில நூறு ரூபாயில் முடியும் லேப் சோதனை. இரண்டையும் குழப்பிக்கொண்டு "எங்களுக்குக் கொடி ரத்தம் எதுவும் வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூப்பிட்டு அனுப்பும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மறுசோதனையில் ஒன்றுமில்லை என்றே வரும். சிரமப்பட்டுப் பிறந்த பிள்ளை, பிறந்ததும் மூச்சுக்குத் திணறிய பிள்ளை இவர்களுக்குக் கொடி ரத்தத்தில் எண் கூடிக் காட்டலாம். தாய் தன் தைராய்டைக் கட்டுப்படுத்தக் கார்பிமசோல் போன்ற மாத்திரை எடுத்திருந்தாலும் கூடும். தாயின் உடம்பில் பெட்டாடின் நிறையப் பூசியிருந்தாலும்கூட அதிலுள்ள அயோடின் பிள்ளையின் தைராய்டைச் சில நாள் முடக்கிவைக்கும். அதே காரணத்தால் பிள்ளையின் தொப்புளில் பெட்டாடின் தடவக் கூடாது என்றார் டாக்டரம்மா. தொப்புள் காய்ந்தபடி இருந்தால் போதும். போன் வந்தால் பயந்து முடங்கவும் வேண்டாம், "சும்மா கூப்பிடுவாங்க" என்று இருந்துவிடவும் வேண்டாம். போய் ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். குறைமாதப் பிள்ளை, இரட்டைப் பிள்ளை என்றால் முதல் சோதனை சரியாக இருந்தாலும் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்வார்கள். அதை விடாதீர்கள்.

முடிவு வந்த அன்று மாலையே மாத்திரை தொடங்கினோம். எடைக்கு ஏற்ற அளவு, கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். இவள் 2.9 கிலோ. 37.5 மைக்ரோகிராம், அதாவது 25 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றரை.

இந்த ஒன்றரை மாத்திரையைக் கொடுக்கக் கற்றுக்கொள்ளவே எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. ஆச்சி உரைகல்லை எடுத்து வந்துவிட்டாள். வசம்பு, ஜாதிக்காய் உரைப்பதுபோல மாத்திரையையும் தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவலாம் என்பது அவள் யோசனை. சிஸ்டர் பதறிவிட்டார். கல்லில் பாதி ஒட்டிக்கொண்டால் பிள்ளைக்குப் போவது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? ஒரு எவர்சில்வர் கரண்டியில் மாத்திரையை வைத்து, இன்னொரு கரண்டியின் அடிப்பக்கத்தால் அழுத்திப் பொடித்து, நாலைந்து சொட்டுத் தாய்ப்பால் விட்டுக் குழைத்து, அந்தக் கரண்டியாலேயே வாயில் விட வேண்டும். பிறகு இன்னும் இரண்டு சொட்டு விட்டுக் கரண்டியைக் கழுவி அதையும் கொடுத்துவிட வேண்டும். பால் புகட்டும் பாலாடை நிறையப் பாலில் கலந்தால், பிள்ளை பாதியில் தூங்கிவிட்டது என்றால் மருந்தும் பாதிதான். முதல் நாலு நாள் நாங்கள் அப்படித்தான் கொடுத்தோம். பொடித்துக் கலந்து வைத்துவிட்டு அப்புறம் கொடுப்பதும் கூடாது. உரை மருந்தையும் கிரைப் வாட்டரையும் டாக்டரம்மா அடியோடு நிறுத்தச் சொன்னார். ஆச்சிக்கு அதில் வருத்தம்தான். ஆனால் நிறுத்தினாள்.

இரும்புச்சத்துச் சொட்டு, கால்சியம் சிரப், சோயா பால் மாவு மூன்றும் தைராக்சினைக் குடலில் சேரவிடாது. இரும்புச் சொட்டு எழுதியபோது காலையில் மாத்திரை, மாலையில் சொட்டு என்று பிரித்துக்கொண்டோம். ரத்தம் கொடுக்கப் போகிற நாளில் மாத்திரையை எடுத்துச் சென்று, ரத்தம் எடுத்த பிறகு கொடுப்பேன். புட்டியை அடுப்படியிலோ ஜன்னல் ஓரத்திலோ வைக்காதீர்கள், சூடும் வெளிச்சமும் ஈரமும் அதற்கு ஆகாது. எங்கள் வீட்டில் அரிசி டிரம்முக்கு மேலே உள்ள சுவர்ப் பிறையில் இருக்கும். பக்கத்தில் மாதக் காலண்டர், கொடுத்ததும் அன்றைய கட்டத்தில் ஒரு டிக். "நீ கொடுத்தியா, நான் கொடுத்தேனா" என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது.

மாத்திரை தொடங்கிய இரண்டாம் வாரம் என்று நினைக்கிறேன். விடியற்காலை மூன்று மணி இருக்கும். வீடே அதிரும்படி ஓர் அழுகை. அப்பா வெளித் திண்ணையிலிருந்து எழுந்து ஓடி வந்தார். பசி. வெறும் பசி. கைகால் உதைத்து, முகம் சிவந்து, எனக்குப் பால் கொடு என்று கேட்டு அழுகிறாள். ஆச்சி விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இப்பதாம்ட்டி பிள்ள பிள்ளமாதிரி அழுவுது" என்று என் தலையைத் தடவினாள். நானும் அழுதேன். அதுவரை நாங்கள் தங்கமான பிள்ளை என்று கொண்டாடியது என்ன என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது.

எதனால் வந்தது என்ற கேள்வி என்னை நெடுநாள் தின்றது. நான் எதைத் தின்றேன், எதைத் தின்னாமல் விட்டேன்? அயோடின் உப்புதான் வாங்குகிறோம். கர்ப்பத்தில் என் தைராய்டு சரியாகவே இருந்தது. பிளாஸ்டிக் கவரில் வாங்கிய பார்சல் டீ வரை யோசித்துவிட்டேன். பிஸ்பினால்-ஏ, தாலேட் என்று பிளாஸ்டிக்கிலிருந்து வரும் சில ரசாயனங்கள் உடம்புக்குள் ஹார்மோன்போல வேஷம் போடும் என்றும், நஞ்சுக்கொடியைக் கடந்து கொடி ரத்தத்திலும் அவற்றைக் கண்டிருக்கிறார்கள் என்றும் படித்து நடுங்கிப்போய் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "சூடான எதையும் பிளாஸ்டிக்குல வாங்காத, அது எல்லாருக்கும் நல்லது. ஆனா உன் பிள்ளைக்கு வந்தது அதனால இல்ல" என்று தெளிவாகச் சொன்னார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குத் தடை இருந்தும் கொதிக்கிற சாம்பாரைக் கவரில் கட்டித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாங்கள் தூக்குவாளி கொண்டுபோகிறோம்.

பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தைராய்டு உருவாகாமலோ, இடம் மாறியோ இருக்கும். அதில் பரம்பரை அபூர்வம். என் மகளுக்கு ஸ்கேனில் சுரப்பி தன் இடத்தில், சற்றுப் பெரிதாகவே இருந்தது. சுரப்பி இருக்கிறது, ஹார்மோன் செய்யத் தெரியவில்லை. "சொந்தத்துல கல்யாணமா?" என்று டாக்டரம்மா கேட்டார். அத்தான் என் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா மகன். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இருவரின் மரபணுவிலும் ஒரே பழுது ஒளிந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இந்த வகையில் சில பிள்ளைகளுக்குக் காது கேட்பதிலும் குறை வரலாம் என்று காதுச் சோதனையும் எழுதினார். அது நல்லபடி வந்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். அத்தை, "நம்ம குடும்பத்துல யாருக்கும் இல்லையே" என்றார்கள். சில நாள் கழித்து ஆச்சிதான் மெல்ல ஆரம்பித்தாள். தாத்தாவின் தங்கச்சி மகன் ஒருவர். பேச்சு வராது, நாலடிதான் உயரம், நாக்கு வெளியே தொங்கும். மாடு மேய்த்துக்கொண்டிருந்தார், முப்பது வயதில் இறந்துவிட்டார். "அவனும் சின்னதுல அழவே மாட்டான், தங்கம்பாங்க" என்றாள். அவருக்கு இருந்தது இதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவர் பெயரை எங்கள் வீட்டில் அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

உங்கள் குடும்பத்தில் இப்படி ஒருவர் இருந்திருந்தால், சொந்தத்தில் மணமுடித்திருந்தால், மசக்கை நாளிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சொல்வதில் குடும்ப மானம் ஒன்றும் போகாது.

மூன்று வயதில் ஒரு மாதம் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். சில பிள்ளைகளுக்கு இது தற்காலிகம், அப்படியே நின்றுவிடும். டாக்டர் சொல்லாமல் வீட்டிலே நிறுத்திப் பார்க்கும் விஷயமில்லை இது. முதல் மூன்று வருடம்தான் மூளை தைராக்சினை நம்பி வேகமாக வளரும் காலம். என் மகளுக்கு நாலாம் வாரமே டி.எஸ்.எச். ஏறிவிட்டது. இனி ஆயுளுக்கும் மாத்திரைதான். இப்போது அவளே காலையில் பல் தேய்த்ததும் பிறையைப் பார்த்துக் கையை நீட்டுவாள், டிக்கும் அவளே போடுவாள்.

போன வருடம் இரண்டாவது பிரசவம். இம்முறை சேரும்போதே ஃபாரத்தில் அம்மா நம்பர், தம்பி நம்பர் இரண்டையும் எழுதினேன். பிரசவ அறைக்குள் போகும்போது கையில் முதல் பிள்ளையின் பழைய ரிப்போர்ட். பையன் பிறந்து அழுதான், நல்ல சத்தமான அழுகை. கொடியை வெட்டியதும் நான் சிஸ்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "ரத்தம் எடுத்துட்டீங்களா?" அவர் மூடி போட்ட குப்பியைத் தூக்கிக் காட்டினார், என் பெயர் ஒட்டியிருந்தது.

மூன்றாம் நாள் காலை பத்தரைக்குப் போன் வந்தது. அம்மாதான் எடுத்தாள். 7.4.